ஒரு பெரிய முழு எண்ணை ஆராய்வது எப்படி: 1,23,45,67,890-ஐ முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பெரிய முழு எண்ணுக்கு எத்தனை வகுத்திகள் உள்ளன, அது மிகையெண்ணா குறைவெண்ணா (அதாவது அதைத் தவிர்த்த மற்ற வகுத்திகளின் கூடுதல் அதைவிடப் பெரியதா சிறியதா), அதை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்பன போன்ற கேள்விகள் தனித்தனியானவை போலத் தோன்றினாலும், எல்லாவற்றுக்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது. அந்த எண்ணின் பகாக் காரணிகளைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவை அனைத்தும் சில பெருக்கல்களில் முடிந்துவிடும்; கண்டுபிடிக்காதவரை எந்தக் கேள்வியும் நகராது. ஆகவே இந்த வழிகாட்டியில் காரணிகளைத் தேடும் பகுதி நீளமாகவும், அதன் பிறகு வருபவை சுருக்கமாகவும் இருக்கும்.

எடுத்துக்காட்டாக 1,23,45,67,890 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். பத்து இலக்கங்களும் ஒவ்வொரு முறை வரும் இந்த எண்ணைக் கையாலேயே முழுவதும் ஆராய்ந்துவிட முடியும். தாளும் பேனாவும் போதும். சாதாரணக் கால்குலேட்டர் இருந்தால் நேரம் மிச்சமாகும்.

படி 1: அளவை மதிப்பிடுதல்

முதலில் வர்க்கமூலத்தைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். 35,136-இன் வர்க்கம் 1,23,45,38,496. 35,137-இன் வர்க்கம் 1,23,46,08,769. நம் எண் இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பதால் அது முழு வர்க்கம் அல்ல. உண்மையில் இதற்குக் கணக்கே தேவையில்லை. முழு வர்க்கம் பூச்சியத்தில் முடிந்தால் இறுதியில் இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் பூச்சியங்கள் இருக்கும். இங்கே ஒன்றுதான் உள்ளது. ஆனாலும் 35,136 என்ற வரம்பைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பகு எண்ணுக்கு அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத பகாக் காரணி ஒன்றாவது இருந்தே தீரும் என்பதால், தேடலின் எல்லை அதுதான். கனமூலம் 1,072-க்கும் 1,073-க்கும் இடையில் இருப்பதால் இது முழு கனமும் அல்ல.

படி 2: வகுபடும் தன்மை விதிகள்

கடைசி இலக்கம் 0 என்பதால் எண் 2-ஆலும் 5-ஆலும் வகுபடும். கடைசி இரண்டு இலக்கங்களான 90, 4-ஆல் வகுபடாது. ஆகவே 2 ஒரே ஒரு முறைதான் காரணியாக வரும். அதேபோல் 90, 25-ஆல் வகுபடாததால் 5-உம் ஒரு முறைதான் வரும். இலக்கங்களின் கூடுதல் 45. எனவே எண் 9-ஆல் வகுபடும். 0 முதல் 9 வரையிலான பத்து இலக்கங்களை எந்த வரிசையில் அடுக்கினாலும் கூடுதல் 45 ஆகவே இருக்கும் என்பதால், இவ்வகையில் அமையும் 32,65,920 பத்திலக்க எண்களில் ஒன்றுகூடப் பகா எண்ணாக இருக்க முடியாது.

7, 11, 13 ஆகிய மூன்றையும் ஒரே கணக்கில் சோதித்துவிடலாம். இவற்றின் பெருக்கற்பலன் 1,001 என்பதால், எண்ணை வலப்புறத்திலிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து, கூட்டலையும் கழித்தலையும் மாறி மாறிச் செய்தால் போதும். இங்கே 890 − 567 + 234 − 1 = 556. இந்த 556-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3, 11-ஆல் வகுத்தால் மீதி 6, 13-ஆல் வகுத்தால் மீதி 10. மூன்றும் காரணிகள் அல்ல. அதே மூன்றிலக்கத் தொகுதிகளைக் கழிக்காமல் கூட்டினால் 890 + 567 + 234 + 1 = 1,692 கிடைக்கும். 999 என்பது 27 × 37 ஆதலால் இந்தக் கூடுதல் 27, 37 ஆகிய இரண்டுக்கும் சோதனையாகும். 1,692 இரண்டாலும் வகுபடாது. 27-ஆல் வகுபடவில்லை என்பதிலிருந்து 3 என்ற காரணி சரியாக இரண்டு முறை மட்டுமே வருகிறது என்று உறுதியாகிறது.

படி 3: மீதமுள்ள பகுதியை உடைத்தல்

கண்டுபிடித்த 2, 3, 3, 5 ஆகியவற்றின் பெருக்கற்பலன் 90. அதனால் வகுத்தால் 1,37,17,421 கிடைக்கிறது. பணியின் கடினமான பகுதி இனிமேல்தான்.

வழக்கமான முறை, அடுத்தடுத்த பகா எண்களால் வகுத்துப் பார்ப்பது. 17, 19, 23 என்று தொடங்கி நூறு வரை, ஆயிரம் வரை சென்றாலும் எதுவும் மீதியின்றி வகுக்காது. இந்த முறையைப் பிடிவாதமாகத் தொடர்ந்தால் 504-ஆவது பகா எண்ணில்தான் பலன் கிடைக்கும். கணினிக்கு இது ஒரு நொடிப்பொழுது வேலைகூட அல்ல. கையால் செய்பவருக்குப் பல மணி நேரம்.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியேர் டி ஃபெர்மா 1643-ஆம் ஆண்டளவில் விளக்கிய முறை இங்கே கைகொடுக்கிறது. ஒற்றைப்படைப் பகு எண் எதையும் க² − ச² என்று இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாம். எழுதிவிட்டால் (க − ச), (க + ச) ஆகிய இரண்டு காரணிகளும் கிடைத்துவிடும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எண்ணின் வர்க்கமூலத்தைவிடச் சற்றே பெரிய முழு எண்ணைக் க-வாக வைத்து, க²-இலிருந்து நம் எண்ணைக் கழித்து, எஞ்சுவது முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் க-வை ஒன்று கூட்டி மறுபடியும் முயல வேண்டும். ஃபெர்மா இதே முறையால் 2,02,76,51,281 என்ற எண்ணை 44,021 × 46,061 என்று பிரித்துக் காட்டினார்.

1,37,17,421-இன் வர்க்கமூலம் சுமார் 3,703.7. எனவே க = 3,704 என்று தொடங்குவோம். அதன் வர்க்கம் 1,37,19,616, கழித்தால் 2,195. ஐந்தில் முடியும் முழு வர்க்கம் எப்போதும் 25 என்றே முடியும். 95 என்று முடிவதால் இது கழிந்தது. அடுத்து க = 3,705. அதன் வர்க்கம் 1,37,27,025, கழித்தால் 9,604. இது 98-இன் வர்க்கம். ஆகவே காரணிகள் 3,705 − 98 = 3,607, 3,705 + 98 = 3,803. ஐந்நூறு வகுத்தல்கள் செய்ய வேண்டிய இடத்தில் இரண்டு கழித்தல்களில் வேலை முடிந்துவிட்டது.

கவனமாகப் பார்த்தால் முதல் கழித்தலையும் தவிர்த்திருக்கலாம். பிரிக்கவேண்டிய ஒற்றைப்படை எண்ணை 4-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தால் க ஒற்றைப்படையாகவும், மீதி 3 வந்தால் க இரட்டைப்படையாகவும்தான் இருக்க முடியும். 1,37,17,421-இன் கடைசி இரண்டு இலக்கங்கள் 21. நான்கால் வகுத்தால் மீதி 1. எனவே 3,704-ஐச் சோதிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இந்த வெற்றியைக் கண்டு எல்லா எண்களுக்கும் இதே முறையைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு காரணிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்போது மட்டுமே இது விரைவாக முடியும். 98,76,54,321-ஐ எடுத்துக்கொண்டால் அது 3² × 17² × 3,79,721 என்று பிரியும். கடைசிக் காரணி பகா எண் என்று தெரியாமல் அதன்மீது ஃபெர்மா முறையைப் பயன்படுத்துபவர், க-வை 617-இல் தொடங்கி 1,89,861 வரை கொண்டு செல்ல வேண்டியிருக்கும். ஆகவே சிறிய பகா எண்களால் ஓரளவு வகுத்துப் பார்ப்பது, இடையில் பத்து இருபது முறை ஃபெர்மா முறையை முயல்வது, கிடைக்கவில்லையென்றால் மீண்டும் வகுத்தலுக்குத் திரும்புவது என்ற வரிசையையே பரிந்துரைப்பேன். பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவது கடினம் என்பதை நம்பியிருக்கும் ஆர்எஸ்ஏ (RSA) மறையாக்கத்துக்கான இரண்டு பெரிய பகா எண்களை ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று எச்சரிப்பதற்கும் இதுவே காரணம்.

இன்னொரு நிபந்தனையையும் மறக்கக் கூடாது. முதலில் 2 என்ற காரணியை நீக்கிவிட வேண்டும். நம் முழு எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 2. அப்படிப்பட்ட எண் எதையும் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதவே முடியாது. நீக்காமல் தொடங்குபவர் க-வை எவ்வளவு கூட்டினாலும் விடை வராது.

படி 4: கிடைத்தவை பகா எண்கள்தானா?

பலர் தாண்டிச் செல்லும் படி இது. காரணிகள் கிடைத்துவிட்டன என்பதற்காக அவை மேலும் பிரியாது என்று கொள்ள முடியாது. 3,607-இன் வர்க்கமூலம் 60-ஐச் சற்றே தாண்டுகிறது. எனவே 59 வரையிலான 17 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். 3,803-க்கு 61 வரை செல்ல வேண்டும். இரண்டும் சில இடங்களில் மயிரிழையில் தப்புகின்றன. 17 × 212 = 3,604, 53 × 68 = 3,604, 19 × 200 = 3,800, 29 × 131 = 3,799. எதுவும் மீதியின்றி வகுக்காததால் இரண்டும் பகா எண்களே.

ஆக, 1,23,45,67,890 = 2 × 3² × 5 × 3,607 × 3,803.

படி 5: வகுத்திகளும் அவற்றின் கூடுதலும்

ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை வரும்: 2 × 3 × 2 × 2 × 2 = 48. சூத்திரத்தைவிட அவற்றின் அமைப்பைப் பார்ப்பதே பயனுள்ளது. 90-க்கு 1, 2, 3, 5, 6, 9, 10, 15, 18, 30, 45, 90 என்று 12 வகுத்திகள் உண்டு. இவற்றை 1, 3,607, 3,803, 1,37,17,421 ஆகிய நான்காலும் தனித்தனியே பெருக்கினால் 48-உம் கிடைத்துவிடும். 90-க்கு அடுத்த வகுத்தி நேராக 3,607 என்பதால், இடையில் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட எண்களில் ஒன்றுகூட நம் எண்ணை வகுக்காது. வர்க்கமூலத்துக்கு மிக நெருங்கிய வகுத்தி இணை 34,227 × 36,070. முதலாவது 3,803-இன் 9 மடங்கு, இரண்டாவது 3,607-இன் 10 மடங்கு.

கூடுதலுக்கும் இதே அமைப்பு போதும். 90-இன் வகுத்திகளின் கூடுதல் 234. அதை 3,608-ஆலும் 3,804-ஆலும் பெருக்கினால் 3,21,16,10,688. இதிலிருந்து எண்ணையே கழித்தால் 1,97,70,42,798 எஞ்சுகிறது. இது நம் எண்ணைவிடப் பெரியது என்பதால் நம் எண் மிகையெண். 6-ஐவிடப் பெரிய அதன் மடங்குகள் எல்லாமே மிகையெண்கள்தான் என்பது தெரிந்தவர் இரண்டாவது படியிலேயே இதைச் சொல்லியிருப்பார்.

படி 6: ஆய்லரின் ஃபை சார்பு

1 முதல் 1,23,45,67,890 வரையிலான எண்களில் நம் எண்ணோடு 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாதவை, அதாவது சார்பகா எண்களாக அமைபவை, எத்தனை என்பதை இச்சார்பு கூறுகிறது. 2, 5, 3,607, 3,803 ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்றைக் குறைத்து 1, 4, 3,606, 3,802 என்றும், 3²-க்கு 9 − 3 = 6 என்றும் எடுத்துக்கொண்டு அனைத்தையும் பெருக்க வேண்டும். விடை 32,90,40,288. நம் எண்ணில் இது சுமார் 26.65 விழுக்காடு. இந்த எண்ணிக்கை கடைசிப் படியில் எதிர்பாராத விதமாகப் பயன்படப்போகிறது.

படி 7: வர்க்கங்களாகவும் தொடர் எண்களாகவும் எழுதுதல்

ஓர் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத வேண்டுமானால், 4-ஆல் வகுக்கும்போது மீதி 3 தரும் பகாக் காரணிகள் ஒவ்வொன்றும் இரட்டைப்படை அடுக்கில் வர வேண்டும். 3 இரண்டு முறை வருவதால் அதனால் தடையில்லை. ஆனால் 3,607, 3,803 ஆகிய இரண்டுமே மீதி 3 தருபவை. ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே வருகிறது. எனவே முடியாது. மூன்று வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியும். ஏனெனில் லெஜாந்தரின் தேற்றப்படி 8-ஆல் வகுக்க மீதி 7 தரும் எண்களும், அவற்றை 4-இன் அடுக்குகளால் பெருக்கி வருபவையும் மட்டுமே விலக்கு. நம் எண் தரும் மீதி 2.

தொடர்ச்சியான மிகை முழு எண்களின் கூடுதலாக எத்தனை விதமாக எழுதலாம் என்பதற்கு ஒற்றைப்படை வகுத்திகளை எண்ணினால் போதும். அவை 24, எண்ணையே தனியாக எழுதுவதைக் கழித்தால் 23 விதங்கள். மூன்று எண்களாக வேண்டுமானால் 41,15,22,630-ஐ நடுவில் வைத்து அதன் இரு பக்கத்து எண்களையும் சேர்க்கலாம். நான்கு எண்களாக வேண்டுமானால் 30,86,41,971-இல் தொடங்கலாம்.

படி 8: தலைகீழ் எண்ணோடு ஒப்பிடுதல்

இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கினால் 9,87,65,43,210. இவ்விரண்டின் மீப்பெரு பொது வகுத்தியை (மீ.பொ.வ.) காண யூக்ளிடின் முறைப்படி பெரியதைச் சிறியதால் வகுத்தால், ஈவு 8, மீதி 90. நம் எண் 90-ஆல் வகுபடும் என்பது முன்பே தெரியும். ஆகவே ஒரே வகுத்தலில் மீ.பொ.வ. 90 என்று முடிந்துவிடுகிறது. தலைகீழ் எண்ணில் 3,607-உம் 3,803-உம் காரணிகளாக இல்லை என்பதையும் இதே கணக்கு நிரூபித்துவிடுகிறது.

இலக்க விளையாட்டு என்றே வைத்துக்கொண்டாலும் இன்னொன்று குறிப்பிடத்தக்கது. நம் எண்ணில் பாதி 61,72,83,945. ஐந்தில் ஒரு பங்கு 24,69,13,578. இரண்டிலுமே 1 முதல் 9 வரையிலான இலக்கங்கள் தலா ஒரு முறை வருகின்றன.

படி 9: இரும வடிவம்

எண்ணைத் தொடர்ந்து இரண்டால் வகுத்து மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதினால் 100 1001 1001 0110 0000 0010 1101 0010 என்று 31 இலக்கங்கள் வரும். இவற்றில் 12 ஒன்றுகள். அவை 2-இன் 30, 27, 24, 23, 20, 18, 17, 9, 7, 6, 4, 1 ஆகிய அடுக்குகளைக் குறிக்கின்றன. 31 இலக்கங்களுக்குள் அடங்குவதால் 32 பிட் கணினி மாறியில் குறியோடு சேர்த்து இதைச் சேமிக்கலாம். 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணிவரும் யூனிக்ஸ் கடிகாரம் 2009 பிப்ரவரி 13 அன்று, ஒருங்கிணைந்த சர்வதேச நேரப்படி 23:31:30 மணிக்கு இந்த எண்ணைத் தொட்டது.

படி 10: அடுத்த எண்ணான 1,23,45,67,891

ஓர் எண்ணை இவ்வளவு தூரம் ஆராய்ந்த பிறகு அதற்கு அடுத்த எண்ணையும் பார்ப்பது நல்லது. 1,23,45,67,891 ஒரு பகா எண். இந்த அளவிலுள்ள எண்களில் ஏறக்குறைய 21-இல் ஒன்றுதான் பகா எண்ணாக இருக்கும் என்பதால் இது சற்று அதிர்ஷ்டமானதும்கூட.

இதை நிரூபிக்க 35,136 வரையிலான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்க்கலாம். அல்லது 3,21,50,31,751-க்குக் குறைவான எண்களுக்கு 2, 3, 5, 7 ஆகிய நான்கு அடிமானங்களே (அடுக்குக்கு உயர்த்தப்படும் எண்களே) போதுமான மில்லர்–ராபின் சோதனையைச் செய்யலாம். ஆனால் ஏற்கெனவே கண்டுபிடித்த காரணிகளைப் பயன்படுத்தும் லூக்காவின் சோதனையே எனக்குப் பிடித்தமானது. ஓர் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதன் பகாக் காரணிகள் தெரிந்திருந்தால் இச்சோதனையைச் செய்யலாம். இங்கே அவை 2, 3, 5, 3,607, 3,803 என்று கையிலேயே இருக்கின்றன.

செய்முறை இது. ஏதாவதோர் அடிமானத்தை எடுத்து அதன் 1,23,45,67,890-ஆவது அடுக்கை 1,23,45,67,891-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அதே அடிமானத்தின் 61,72,83,945, 41,15,22,630, 24,69,13,578, 3,42,270, 3,24,630 ஆகிய ஐந்து அடுக்குகளில் எதற்கும் மீதி 1 வரக் கூடாது. இந்த நிபந்தனைகளை நிறைவேற்றும் அடிமானம் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் எண் பகா எண் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிடும். அவ்வளவு பெரிய அடுக்கைக் கணக்கிட முந்தைய படியின் இரும வடிவம் உதவுகிறது. முதல் இலக்கத்துக்குப் பின் வரும் 30 இலக்கங்களுக்கு 30 முறை வர்க்கப்படுத்தி, அவற்றில் ஒன்று வரும் 11 இடங்களில் அடிமானத்தால் பெருக்கி, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

தகுதியான அடிமானம் கிடைக்குமா என்று கவலைப்படத் தேவையில்லை. 1 முதல் 1,23,45,67,890 வரையிலான எண்களில் அத்தகைய அடிமானங்களின் எண்ணிக்கை, ஆறாம் படியில் கண்ட 32,90,40,288 தான். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் நான்கில் ஒன்றுக்கு மேல் பலிக்கும். இருந்தாலும் 5-ஐ எடுக்க வேண்டாம். நம் பகா எண்ணை 5-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், இருபடித் தலைகீழ்மை விதிப்படி (ஒரு பகா எண்ணால் வகுக்கும்போது இன்னோர் எண் ஒரு வர்க்கத்தின் மீதியாக வருமா என்பதைச் சொல்லும் விதி) 5-இன் 61,72,83,945-ஆவது அடுக்கு மீதி 1-ஐத் தந்துவிடும். 2-க்கும் 3-க்கும் இந்தத் தடை இல்லை.

1-ஐ இந்தப் பகா எண்ணால் வகுத்தால் வரும் தசமப் பின்னம் எத்தனை இலக்கங்களுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதையும் இதே தகவல்களைக் கொண்டு நெருங்கலாம். அந்த நீளம் 1,23,45,67,890-இன் 48 வகுத்திகளுள் ஒன்றாகத்தான் இருக்க முடியும். நம் பகா எண்ணை 8-ஆல் வகுக்க மீதி 3, 5-ஆல் வகுக்க மீதி 1 என்பதால் 10-இன் 61,72,83,945-ஆவது அடுக்கு மீதி 1-ஐத் தராது. ஆகவே நீளம் இரட்டைப்படை, அதாவது 24 வாய்ப்புகள் மட்டுமே. அவற்றுள் 2-உம் 6-உம் உடனே நீங்கும். ஏனெனில் 99-உம் 9,99,999-உம் நம் பகா எண்ணைவிடச் சிறியவை. 10-உம் நீங்கும், ஏனெனில் 9,99,99,99,999-ஐ வகுத்தால் ஈவு 8, மீதி 12,34,56,871. எஞ்சும் 21 வாய்ப்புகளில் மிகச் சிறியது 18. அதிலிருந்து தொடங்கி, 10-இன் அந்தந்த அடுக்கை மேற்சொன்ன வர்க்க முறையால் கணக்கிட்டு, முதன்முதலில் மீதி 1 எங்கே வருகிறது என்று பார்த்தால் சரியான நீளம் கிடைத்துவிடும்.